சகலை வீட்டுக் கீபோர்டு

சகலை கீபோர்டு வாங்கிவிட்டார் என்ற செய்தி வந்தபோது இன்சூரன்ஸ்காரரின் வாய் நிறையச் சாப்பாடு இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, வெளியே விட்டு "என்னது?" என்று கேட்கவும் முடியவில்லை.

"பெரிசா ஒண்ணுமில்ல மாப்பிள்ளை," என்றார் மாமனார், தன் தட்டைப் பார்த்தபடியே. "சின்ன மாப்பிள்ளை வாங்கியிருக்கார். சாயங்காலமானா உக்காந்து வாசிக்கிறாராம். கேட்டவங்க கண்ணுல தண்ணியே வந்துடுச்சாம்."

"அவன் கை வச்சா எல்லார் கண்ணுலயும் தண்ணி வரத்தான் செய்யும். பல்லைப் பிடுங்குறவன்தானே."

இன்சூரன்ஸ்காரர் அந்த வீட்டின் மூத்த மாப்பிள்ளை. எரிந்த கடை, நசுங்கிய கார் என்று அடுத்தவர் நஷ்டத்தை அளப்பது அவருடைய உத்தியோகம். அடுத்தவர் லாபத்தை அளக்கச் சம்பளம் கிடையாது என்பதால் அதைச் சொந்த நேரத்தில் செய்துவந்தார். அதிலும் மனைவியின் தங்கையைக் கட்டிய பல் டாக்டரின் லாபம் என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். டாக்டர் சோபா மாற்றினால் இவருக்கு முதுகு வலிக்கும். டாக்டர் வீட்டுக்கு ஏசி வந்தால் இவருக்கு வேர்க்கும். குடும்பப் போட்டோவில் மாமனார் பக்கத்து நாற்காலியில் யார் உட்காருவது என்று ஆரம்பித்த தகராறில் இரண்டு பேருக்கும் பேச்சு நின்று மூன்று வருஷமாகிறது. ஒரு ஞாயிறு இவர், மறு ஞாயிறு அவர் என்று முறை வைத்து மாமனார் வீட்டுக்குச் சாப்பிட வந்துபோனார்கள்.

மாமனார் பாவம், யார் மனமும் நோகாமல் இரண்டு பேரையும் சமாளித்துவந்தார். நாற்பது வருஷம் வீடு வீடாகப் போய்த் தையல் மிஷின் விற்ற மனிதர். ஆட்களைச் சமாளிப்பது புதிதா என்ன? ஓய்வுபெற்ற பிறகு வாரநாள், சனிக்கிழமை பார்க்காமல் காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, குடையும் பிளாஸ்க்குமாக லைப்ரரிக்குக் கிளம்பிவிடுவார்.

"வீட்டுல இருந்து என் சமையலைக் குத்தம் சொல்றதுக்கு, எங்கயோ போய் எதையோ படிச்சுட்டு வந்தா சரி," என்று மாமியாரும் விட்டுவிட்டார்.

அன்றைக்கு மாமனார் சட்டைப்பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து, மூத்த மாப்பிள்ளையின் டம்ளர் பக்கத்தில் வைத்தார்.

"இந்தக் கடைதானாம். கடைக்காரர் ரொம்ப விஷயம் தெரிஞ்சவராம். உங்களுக்கு எதுக்கு இதெல்லாம், சும்மா காட்டினேன்."

சும்மா காட்டிய கார்டை அவர் திரும்ப எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி தங்கைக்குப் போன் போட்டாள். பேசி முடித்து, "அவங்க அப்படி எதுவும் வாங்கவே இல்லையாம்," என்றாள்.

"பாத்தியா! சின்னதா வாங்கியிருந்தா ஒத்துக்குவாங்க. மறைக்கிறாங்கன்னா பெரிசாத்தான் வாங்கியிருக்கான்."

"இல்லைன்னு சொன்னாலுமா?"

"அப்ப ரெண்டு மடங்கு பெரிசு."

பூட்டு ரிப்பேர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒல்லியாக நின்றது அந்தக் கடை. கடைக்காரரும் ஒல்லி. கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். மெத்தை போட்ட நாற்காலியில் இன்சூரன்ஸ்காரர் உட்காரப் போனதும், "அது வேண்டாம் சார், பார்ட்னர் சேர்," என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"யார் சார் வாசிக்கப் போறா?"

"வீட்டுல."

"வீட்டுல யாரு?"

"அதை வீட்டுல போய் முடிவு பண்ணிக்கலாம்."

கடைக்காரர் அவருடைய வலது கையை வாங்கி, ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டிப் பார்த்தார். "சுண்டுவிரல் சோம்பேறி. மோதிர விரல் தனியா எழுந்திருக்க மாட்டேங்குது. உங்களுக்கு அறுபத்தோரு கட்டை வச்ச கீபோர்டே தாராளம். புதுசுகூட வேண்டாம், அந்த மூலையில ஒரு பழசு இருக்கு. மூணு மாசம் வாசிச்சுப் பாருங்க. சரிப்படலைன்னா கொண்டுவந்து குடுத்துடுங்க."

இன்சூரன்ஸ்காரர் குரலைத் தாழ்த்தினார். "பல் டாக்டர் ஒருத்தர் இங்க வந்திருப்பாரே, அவர் என்ன வாங்கினார்?"

"யார் என்ன வாங்கினாங்கன்னு நான் சொல்றதில்ல சார். அவர்கிட்ட போய் உங்க கடைவாய்ப் பல்லைப் பத்திக் கேட்டா அவர் எனக்குச் சொல்வாரா?"

"சரி, அவரோடதைவிட ஒரு கட்டையாவது கூட இருக்கற மாதிரி குடுங்க."

"இது செருப்பு மாதிரி சார். அடுத்தவர் கால் அளவுக்கு வாங்கினா நீங்க நடக்க முடியாது."

இப்படிப் பேசுகிறவர் கடை எப்படி ஓடுகிறது என்று அவருக்கு ஆச்சரியம். ஆனாலும் புதிய அறுபத்தோரு கட்டையோடுதான் வீடு திரும்பினார்.

வந்த அன்றே அது தன் குணத்தைக் காட்டியது. எந்தப் பொத்தானை அழுத்தினாரோ தெரியாது, தாளம் தானாக ஓட ஆரம்பித்து நிற்கவே மாட்டேன் என்றது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் வேகம் கூடியது. கடைசியில் பிளக்கைப் பிடுங்கினார். அதற்குள் கீழ் வீட்டு நர்ஸம்மா மேலே ஏறி வந்துவிட்டார்.

"சார், நான் நைட் டியூட்டி. இந்த நேரத்துலதான் தூங்குவேன். கல்யாணமே முடிஞ்சாலும் இந்த பேண்டு முடியாது போலிருக்கே!"

இன்சூரன்ஸ்காரர் ஹெட்போன் வாங்கினார். இரண்டு நாளில் நர்ஸம்மா மறுபடி வந்தார்.

"சத்தம் நின்னுடுச்சு சார். ஆனா யாரோ கதவைத் தட்டுற மாதிரியே இருக்கு. நேத்து மூணு தடவை எழுந்து போய்த் திறந்து பார்த்துட்டேன்."

கட்டையைத் தட்டும் அதிர்வு தரை வழியாக இறங்குகிறது என்று கடைக்காரர் விளக்கி, தடியான ரப்பர் விரிப்பு ஒன்றைப் போடச் சொன்னார். போட்டார்கள். அதிர்வு நின்றது. ஆனால் பாத்ரூம் கதவு விரிப்பில் இடித்துப் பாதிதான் திறந்தது. மனைவி பக்கவாட்டில் நுழைந்து பக்கவாட்டில் வெளியே வரப் பழகிக்கொண்டாள்.

இந்த நிலைமையில்தான் மாமனார் பார்க்க வந்தார். கீபோர்டைத் தடவினார். தலையை ஆட்டினார்.

"ரொம்ப நல்லா இருக்கு மாப்பிள்ளை. கைக்கு அடக்கமா, அழகா இருக்கு." பிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் குடித்தார். "சின்ன மாப்பிள்ளையோடது கொஞ்சம் நீளம்."

அன்று ராத்திரி இன்சூரன்ஸ்காரர் ஒரு பக்கமாகப் படுக்கவே இல்லை, விடியும்வரை புரண்டுகொண்டே இருந்தார்.

மறுநாள் அறுபத்தொன்றைக் கொடுத்துவிட்டு எழுபத்தாறு கேட்டார். கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டார்.

"சார், நீங்க இப்ப வாசிக்கிறது அஞ்சு கட்டை. மீதி ஐம்பத்தாறு சும்மாதான் இருக்கு. இன்னும் பதினஞ்சு பேரைச் சேர்த்து எதுக்குச் சும்மா உக்காத்தி வைக்கணும்?"

"அது என் விருப்பம்."

எழுபத்தாறு வந்தது. பாத்ரூம் கதவு கால்வாசிதான் திறந்தது. மாமனார் மறுபடி வந்தார், பாராட்டினார், வாசல்வரை போய்த் திரும்பி நின்று, "கட்டையில கனம் இருக்கணுமாமே, மாப்பிள்ளை? பியானோ மாதிரி. சின்ன மாப்பிள்ளை சொல்லிட்டிருந்தார்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து அவர் வாங்கிய, எண்பத்தெட்டுக் கனமான கட்டைகள் வைத்த கீபோர்டு மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. மேலே இன்சூரன்ஸ்காரர், கீழே கடையின் வேன்காரர், நடுவில் பெட்டி. வேலைக்குக் கிளம்பிய நர்ஸம்மா படியில் நின்றபடி நேரம் பார்த்தார்.

"சாய்ங்க சார், இன்னும் சாய்ங்க. உங்களை இல்ல, பெட்டியை!" என்று கத்தினார் வேன்காரர். மூச்சு வாங்கியபின் வாய் சும்மா இருக்கவில்லை. "நேத்துகூட இதே சைஸ் ஒண்ணை ஒரு பல் டாக்டர் வீட்டுல இறக்கினேன். அங்க பிரச்சினை இல்ல. லிஃப்ட் இருக்கு."

இன்சூரன்ஸ்காரர் கையிலிருந்து பெட்டி நழுவப் பார்த்தது. சகலையிடம் எண்பத்தெட்டு இருக்கிறது என்பதைக்கூடத் தாங்கிக்கொண்டார். அந்த லிஃப்ட்தான் நெஞ்சில் ஏறி நின்றது.

எண்பத்தெட்டுக்கு இடம் பண்ணச் சாப்பாட்டு மேஜை மொட்டைமாடிக்குப் போனது. கீபோர்டின் மேல் பலகை போட்டு அதில் சாப்பிட்டார்கள். "அந்தக் கோடியில சிந்தாதீங்க, அங்கதான் நீங்க வாசிக்கிற அஞ்சு கட்டை இருக்கு," என்பாள் மனைவி.

ஒரே ஒரு தாலாட்டுப் பாட்டு. அதைத்தான் இரண்டு மாதமாக அவர் வாசித்துவந்தார். முதல் வரி வரும். இரண்டாவது வரியில் மோதிர விரல் மறுத்துவிடும். ஹெட்போன் போட்டால் யாருக்கும் கேட்காது, யாருக்கும் கேட்காவிட்டால் சகலைக்கு எப்படித் தெரியும் என்று ஹெட்போனைக் கழற்றிவிட்டார். "எங்க பூனைக்கே அந்தப் பாட்டு வந்துடுச்சு. உங்களுக்கு எப்ப சார் வரும்?" என்று நர்ஸம்மா படியில் மடக்கிக் கேட்டார்.

அப்போதுதான் மாமனாரிடமிருந்து போன் வந்தது.

"மாப்பிள்ளை, ஞாயித்துக்கிழமை உங்க அத்தைக்கு அறுபதாவது பிறந்தநாள். இந்தத் தடவை முறையெல்லாம் கிடையாது, ரெண்டு பேரும் வரணும். ஆளுக்கு ஒரு பாட்டு வாசிங்க. சொந்தக்காரங்க மொத்தப் பேரும் வர்றாங்க. எந்த மாப்பிள்ளை எப்படின்னு அவங்களே கேட்டுத் தெரிஞ்சுக்கட்டும்."

இன்சூரன்ஸ்காரர் கண்ணை மூடினார். மொத்தச் சொந்தக்காரர்களும் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்து, தன் மோதிர விரலையே பார்ப்பது போல் இருந்தது. இனி எந்தப் போட்டோவிலும் மாமனார் பக்கத்து நாற்காலி தனக்கில்லை.

"இன்னொரு விஷயம்," மாமனார் குரல் ரகசியமானது. "அந்தக் கடையில மரப்பெட்டி வச்ச பியானோ ஒண்ணு இருக்காம். மூணு பெடலாம். அதுல யார் வாசிச்சாலும் நல்லாத்தான் கேக்குமாம். ஒரே ஒரு பீஸ். சின்ன மாப்பிள்ளை சனிக்கிழமை பத்து மணிக்குப் போய் எடுக்கப் போறாராம். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

சனிக்கிழமை ஒன்பது மணிக்கே அவர் சட்டையை மாட்டினார். மனைவி பாத்ரூமிலிருந்து பக்கவாட்டில் வெளியே வந்தாள்.

"ஏங்க, வயித்தெரிச்சலுக்கு மருந்துக்கடையில ஏதாவது குடுப்பாங்க. அதை விட்டுட்டு வாத்தியக் கடைக்கே போயிட்டிருக்கீங்களே!"

"இது கடைசி."

"அதை வைக்க நான்தான் வெளிய போகணும்."

ஒன்பதரைக்குக் கடைக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மரப்பெட்டிப் பியானோவின் ஒரு கோடியை, பல்லைப் பிடுங்கும் அதே பிடியில் பிடித்துக்கொண்டு சகலை நின்றிருந்தார். இன்சூரன்ஸ்காரர் ஓடிப்போய் மறு கோடியைப் பிடித்தார்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு:

"கையை எடு."

"நீங்க எடுங்கண்ணே. நான்தான் முதல்ல வந்தேன்."

"பத்து மணிக்குத்தானே வர்றதா இருந்தே?"

"நீங்கதான் பத்து மணிக்கு வர்றதா இருந்தீங்க!"

கடைக்காரர் நடுவில் வந்தார். "ரெண்டு பேருக்குமே இது தேவையில்ல. டாக்டர் சார், உங்களுக்கு இடது கை எழுந்திருக்கவே இல்ல. சார், உங்களுக்கு மோதிர விரல். ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்தாக்கூட ஒரு முழு ஆள் வாசிக்கற மாதிரி வராது. நான் இதை விக்கறதா இல்ல."

"எல்லாத்துக்கும் நீதான் காரணம்," என்றார் இன்சூரன்ஸ்காரர், பிடியை விடாமல். "நீ பாட்டுக்கு ஒரு கீபோர்டை வாங்கி ஊரை அழ வைக்கலைன்னா, நான் நிம்மதியா மேஜையில சாப்பிட்டுட்டிருப்பேன்."

டாக்டரின் முகம் கோணியது. "நானா? எங்க வீட்டுல அப்போ ஒரு விசில்கூட இல்ல! நீங்க அறுபத்தொண்ணு வாங்கிட்டீங்கன்னு தெரிஞ்சுதான் நான் எழுபத்தாறு வாங்கினேன். நீங்க வாசிச்சா கேட்டவங்க கண்ணுல தண்ணி வருதுன்னு சொன்னதுலயிருந்து ரெண்டு வாரம் அதே நினைப்புல, ஒருத்தருக்கு வேற பல்லைப் பிடுங்கிட்டேன்."

"என் வாசிப்புக்கா? யார் சொன்னா?"

"உங்களுக்கு யார் சொன்னா?"

இரண்டு பேர் வாயும் ஒன்றாகத் திறந்தது. அந்த நேரம் பார்த்து வாசல் கதவு திறந்து, சலவைச் சட்டையும் குடையும் பிளாஸ்க்குமாக மாமனார் உள்ளே வந்தார். இரண்டு மாப்பிள்ளைகளையும் பார்த்ததும் அவருடைய கால் ஒரு நொடி தயங்கியது.

மூலையில் உட்கார்ந்திருந்த வேன்காரர் துள்ளி எழுந்து, தோள் துண்டால் மெத்தை நாற்காலியைத் தட்டிவிட்டுச் சொன்னார்:

"வாங்க முதலாளி! நீங்க சொன்ன ரெண்டு பார்ட்டியும் பத்து மணிக்கு முன்னாடியே வந்துட்டாங்க."