பேட்ச் நம்பர் ஒட்டிய சிவப்புச் சீட்டு

ஆதாமுக்கும் உங்களுக்கும் நடுவில் எத்தனை தலைமுறை என்று கேட்டால், சிரிக்காமல் "ஒரு வாரம் டைம் குடு" என்று சொல்லக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. ஒரகடத்தில் நான் முன்பு வேலை பார்த்த வண்டி உதிரிபாகக் கம்பெனியில், கடைசிச் சோதனை மேஜையில் அவர் உட்கார்ந்திருந்தார். நாங்கள் அவரை பேட்ச் நம்பர் என்று அழைத்தோம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும்.

எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு உருப்படியிலும் பேட்ச் நம்பர் என்று ஓர் எண் பொறித்திருக்கும். எங்கோ ஒரு லாரியில் ஒரு பாகம் உடைந்து திரும்பி வந்தால், அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு எந்த ஷிப்ட், எந்த மெஷின், எந்த இரும்பு என்று பின்னோக்கிப் போக வேண்டும். மற்றவர்கள் கம்ப்யூட்டரைத் தட்டுவார்கள். இவர் கண்ணை மூடி, "மூணாம் நம்பர் மெஷினு, செகண்ட் ஷிப்ட்டு, அன்னிக்கு கரண்டு போச்சு" என்பார். பத்து நிமிடம் கழித்துக் கம்ப்யூட்டரும் அதையே சொல்லும்.

அதோடு நிறுத்தியிருந்தால் ஊர் தப்பித்திருக்கும். அவரோ அதே வேலையை மனிதர்களிடமும் காட்டினார்.

"இந்த நட்டு எங்க பொறந்துச்சு, இன்னா இரும்புன்னு எல்லாம் எழுதி வெச்சுக்கினு கீறோம். உன் தாத்தாவோட அப்பா பேரு இன்னா?" என்று என்னைச் சந்தித்த முதல் நாளே கேட்டார். நான் திருதிருவென்று விழித்தேன். "பாத்தியா, நட்டுக்குக் கீற மரியாத கூட உனக்கு இல்ல."

வாரவிடுமுறையில் நாங்கள் துணி துவைப்போம், தூங்குவோம். அவர் கம்பெனிக் கையுறை, பூதக்கண்ணாடி, புளிச்சோற்று டப்பா சகிதம் ஏதாவது ஒரு பழைய பங்குக் கோயிலுக்குப் பஸ் ஏறிவிடுவார். ஞானஸ்நானப் பதிவேடு, கல்யாணப் பதிவேடு, சாவுப் பதிவேடு, கோயில் பெட்டியில் கிடக்கும் உயில்கள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. லத்தீனில் எழுதியிருந்தாலும் விடமாட்டார். தும்மிக்கொண்டே படிப்பார்.

எங்கள் கேன்டீன் சூப்பர்வைசர், தன் முன்னோர்கள் குதிரையில் போன பரம்பரை என்று சாம்பார் ஊற்றும்போதெல்லாம் அளந்துகொண்டிருந்தார். பேட்ச் நம்பர் மூன்று வாரம் அலைந்து, அவருடைய பாட்டனாருக்குப் பாட்டனாரின் உயிலைப் படித்துவிட்டு வந்தார். குதிரை இல்லை. ஒரு பசு, இரண்டு அண்டா. கூடவே, வாய்ப்பந்தல் போட்டே வீணாய்ப்போன இளைய மகனுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்று ஒரு வரி. சூப்பர்வைசர் அந்த இளைய மகனின் வழி. "டிஃபெக்டு அப்பவே லைன்ல கீது" என்றார் பேட்ச் நம்பர். எங்களுக்கு ஒரு மாதம் சாம்பாரில் காயே விழவில்லை.

நானும் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், என் கல்யாணம் வரும்வரை.

பெண் ஸ்டெல்லா, எங்கள் கம்பெனியின் பேக்கிங் பிரிவு. வீடு குன்றத்தூர் பக்கம். அவள் தாத்தா தெற்கே எங்கிருந்தோ பிழைக்க வந்தவர் என்பதற்கு மேல் அவர்களுக்கு எதுவும் தெரியாது. அவள் அப்பாவைச் சம்மதிக்க வைக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. கோயிலில் மூன்று ஞாயிறு எங்கள் பெயரை அறிவிக்க வேண்டும், அதை ஓலை வாசிப்பது என்போம். முதல் ஓலை வாசித்தாயிற்று. செவ்வாய்க்கிழமை என் லாக்கரில் ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தது. சந்தேகமான உருப்படிகளுக்குக் கம்பெனியில் ஒட்டுவது. 'ஹோல்டு. காரணம்: அண்ணன் தங்கை முறை.'

ஓலையைக் கேட்ட பேட்ச் நம்பர் நேராக ஸ்டெல்லா வீட்டுக்குப் போய்ப் பழைய காகிதங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறார். அவள் பூர்வீகமும் திருநெல்வேலிப் பக்கம் என் ஊர்தான். முன்பொரு முறை என்னோடு ஊர்த் திருவிழாவுக்கு வந்தபோது அங்கே ஓர் உயிலை அவர் படித்திருந்தார். வீட்டின் கிழக்குப் பாதி அந்தோணிக்கு, மேற்குப் பாதி சூசைக்கு. அந்தோணி அவளுடைய தாத்தாவின் அப்பா. சூசை என்னுடைய தாத்தாவின் அப்பா.

"அண்ணன் தம்பி வயித்து வாரிசுங்க ரெண்டு பேரும். உனக்கு அவ தங்கச்சி ஆவுது."

"அண்ணே, என்னண்ணே இப்பிடிப் பண்ணிட்டிய?" எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இத்தனை தூரத்துச் சொந்தம் சபைச் சட்டத்தில் தடையே இல்லை என்று பங்குச் சாமியார் சொல்லிப் பார்த்தார். ஸ்டெல்லாவின் அப்பா கேட்பதாக இல்லை. "சட்டம் வுட்டாலும் நாலு பேரு வுடுவானா சாமி? மொறை கெட்டுப் பூடாதா? வேணாம், நிறுத்திடுங்க." ஸ்டெல்லா என்னை ஏற இறங்கப் பார்த்து, "இந்த மூஞ்சி எனக்கு அண்ணனா?" என்றாள். இரண்டாம் ஞாயிறு ஓலை வாசிக்கவில்லை. பேட்ச் நம்பரை அடித்தால் என்ன என்றுகூட நினைத்தேன்.

அவரோ அமைதியாகச் சொன்னார்: "ஹோல்டுன்னா ரிஜெக்ட் இல்லபா. இன்னொரு ரெக்கார்டு பாக்காம ரிஜெக்ட் போட மாட்டேன்." பல வருடமாக லீவே எடுக்காதவர், லீவு எழுதிக் கொடுத்துவிட்டு என் ஊருக்குப் பஸ் ஏறினார். நான்கு நாள் போனையும் எடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை, பஸ்ஸிலிருந்து இறங்கிய கசங்கல் சட்டையோடு, என்னை இழுத்துக்கொண்டு ஸ்டெல்லா வீட்டு வாசலில் நின்றார்.

"தப்பு என் மேல. அப்ப உயில மட்டும் பாத்தேன், கல்யாண ரெஜிஸ்டர பாக்காம வுட்டுட்டேன். சூசை மகன் இல்ல, மருமகன். பக்கத்து ஊர்லேர்ந்து வந்து, உயில் எழுதுன கிழவரு பொண்ணக் கட்டி, வூட்டோட மாப்பிள்ளையா தங்கிட்டாரு. கிழவரு அவருக்கும் புள்ள மாதிரியே பாதி வூட்ட எழுதி வெச்சுட்டாரு."

ஸ்டெல்லாவின் அப்பா விரல் விட்டு எண்ணினார். ஒருவர் அண்ணன் வழி, ஒருவர் தங்கை வழி. "அப்ப இது..."

"மாமன் வூட்டுப் பொண்ணு, அத்த வூட்டுப் புள்ள. அசல் மொறை சார். கட்டலன்னாதான் தப்பு."

அதுவரை என்னை "இந்தாப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், "மாப்ள, காபி சாப்புடு" என்றார். உள்ளேயிருந்து ஸ்டெல்லா சிரிப்பது கேட்டது. பேட்ச் நம்பர் பையிலிருந்து, தேறிய உருப்படிக்கு ஒட்டும் பச்சைச் சீட்டு ஒன்றை எடுத்து என் சட்டையில் ஒட்டினார். நூறு வருடத்துக்கு முன்னால் செத்துப்போனவர்களை எழுப்பி எனக்குச் சாட்சி சொல்ல வைத்த அந்த ஆளை அன்றைக்குத்தான் வாயைப் பிளந்து பார்த்தேன். இன்றைக்கும் அப்படித்தான் பார்க்கிறேன்.

ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒருவருடைய பெயருக்குப் பக்கத்து ஓரத்தில், பின்னால் நடக்கும் கல்யாணத்தையும் எழுதி வைப்பார்கள். ஒருமுறை பேட்ச் நம்பர் தன் ஊர்க் கோயிலில் தன்னுடைய பக்கத்தை எனக்குக் காட்டினார். ஓரம் காலியாக இருந்தது. "நம்ம லைன் நம்மளோட ஸ்டாப்புபா" என்று சொல்லிவிட்டு, பக்கத்தை மெதுவாகத் திருப்பினார்.

எங்கள் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது, குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்கும் ஞானத்தந்தை யார் என்று சாமியார் கேட்டார். ஸ்டெல்லா முந்திக்கொண்டு பேட்ச் நம்பரைக் கைகாட்டினாள். ஊரார் பெயர்களையெல்லாம் ஒப்பிக்கும் மனிதர், தன் பெயரைச் சொல்ல மூன்று முறை தொண்டையைச் செருமினார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. நூறு வருடம் கழித்து எங்கள் வம்சத்தைத் தேடி வருகிறவர்கள், பதிவேட்டில் எங்கள் மகளின் பெயருக்குப் பக்கத்தில் அவரைப் பார்த்துக்கொள்ளட்டும்.