பத்தொன்பது பக்க வழித்துணை

கல்யாணத்துக்குப் போகிறவர்கள் ஒரு இனம். போகிறவர்களுக்கு வழி சொல்கிறவர்கள் இன்னொரு இனம். முதல் இனம் சாது. பரிசைக் கொடுத்து, வயிறாரச் சாப்பிட்டு, இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு வீடு திரும்பிவிடும். இரண்டாவதிடம்தான் உஷாராக இருக்க வேண்டும். நீங்கள் எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், என்ன வண்டி, டயருக்கு என்ன வயசு, ராத்திரி குறட்டை விடுவீர்களா, விட்டால் மெதுவாகவா ஊரைக் கூட்டுகிற மாதிரியா என்று அத்தனையும் அதற்குத் தெரிந்தாக வேண்டும். அழைப்பிதழில் பெண்ணின் பெயரை மறந்தாலும் மறக்கும், பெட்ரோல் எங்கே போடுவது என்பதை மறக்காது.

இந்த இனத்தின் அசல் சரக்கைப் பார்க்க வேண்டுமானால் எங்கள் கூராபினுக்கு வாருங்கள். சிட்னியிலிருந்து எட்டு மணி நேரம்தான், பக்கம். ராஸ் டிரெகென்சா என்று கேளுங்கள். மூவாயிரம் ஆடுகளும் ஒரே மகளும் உள்ளவர். வழியை மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள்.

மகள் இமோஜெனுக்குத் தன் கல்யாணம் வீட்டில் ஆட்டுக் கம்பளி கத்தரிக்கும் கொட்டகையில்தான் நடக்க வேண்டும் என்று ஆசை. மாப்பிள்ளையின் அம்மா கான்ஸ்டன்ஸ் ஹாலோவே சிட்னிக்காரர், பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இதில் இம்மியும் இஷ்டமில்லை.

"ஆளில்லாத பொட்டல்ல கல்யாணமா? எங்க சனத்துல பாதிப் பேர் வழி தெரியாம கங்காருவோட குடித்தனம் நடத்த வேண்டியதுதான்!"

ராஸுக்குச் சுருக்கென்றது. "ஒருத்தர் வழி தப்பினாலும் என் பேர் ராஸ் இல்லை சம்பந்தி. சனிக்கிழமை நாலு மணிக்கு அத்தனை பேரும் நாற்காலியில இருப்பாங்க."

இமோஜென் அவரைத் தனியாக இழுத்துப்போனாள். "அப்பா, சொதப்பிடாதீங்க. அந்தம்மா இதை வச்சே ஆயுசுக்கும் என்னைக் குத்திக் காட்டுவாங்க."

போதாதா? மறுநாளே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். இரண்டு பக்கம் என்றுதான் தொடங்கினார். கடைசிப் பெட்ரோல் நிலையம், பாலம் தாண்டியதும் போன் செத்துவிடும் விஷயம், பொழுது சாயும் நேரத்தில் வண்டி ஓட்டினால் கங்காரு மடியில் வந்து உட்காரும் என்ற எச்சரிக்கை, அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவாரா? கம்பளி கத்தரிக்கிறவர்கள் தங்கும் தகரக்கூரை அறைகளை விருந்தாளிகளுக்குப் பங்கு போட்டதில், குறட்டைக்காரர்களுக்கு மேற்கு வரிசை, விவாகரத்தானவர்களுக்கு ஆளுக்கொரு மூலை, வெளியே படுக்கை விரிப்பவர்களுக்குக் காலையில் பூட்ஸைத் தட்டிவிட்டுப் போட ஒரு தனிப் பத்தி, கழிப்பறையில் உட்காரும் முன் விஷச் சிலந்தி இருக்கிறதா என்று பார்க்க வேறொரு பத்தி என்று எழுதி எழுதி, பத்தொன்பது பக்கம் ஆகிவிட்டது.

"பத்திரிகை ஒரு பக்கம், அதுக்கு உரை பத்தொன்பது பக்கமா?" என்றாள் மனைவி ஜோசலின். "வர்றவங்க கல்யாணத்துக்கு வர்றாங்களா, பரீட்சைக்கா?"

பரீட்சையேதான். அனுப்பியதோடு விடாமல் ஒவ்வொருவரையும் போனில் பிடித்தார். மாப்பிள்ளையின் சித்தப்பா பார்னபி அகப்பட்டுக்கொண்டார்.

"கோதுமைக் கிடங்கு வந்ததும் இடது பக்கம் திரும்பணும்."

"கிடங்கு பெரிசா இருக்குமா?"

"இருக்காது. எரிஞ்சு இருபது வருஷமாச்சு."

"எரிஞ்சு போனதை எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

"அது இருந்த இடம் வெறிச்சுனு இருக்கும்ல?"

"அங்க எல்லா இடமும் வெறிச்சுனுதானே இருக்கும்!"

"பதிமூணாம் பக்கம் படிங்க" என்று வைத்துவிட்டார் ராஸ்.

அந்தப் பத்தொன்பது பக்கத்தில் சிவப்பு மையில் இருந்தது ஒரே ஒரு விதி. எங்கள் பக்கத்துக் குழந்தைகூடத் தூக்கத்தில் சொல்லும்: வழியில் ஆட்டு வேலிகளில் ஏழு கேட் வரும், மூடியிருந்ததை மூடிவிட்டுப் போ, திறந்திருந்ததைத் திறந்தபடியே விடு, உன் சொந்தப் புத்தியை உபயோகிக்காதே.

கல்யாணத்தன்று காலையில் ஏழு கேட்டிலும் வெள்ளை ரிப்பன் கட்டப் போனார் ராஸ். ஐந்தாவதில் கட்டும்போது மனசெல்லாம் அறைப் பங்கீட்டில் இருந்தது. பார்னபியை மேற்கு வரிசைக்கு மாற்றலாமா? அந்த யோசனையிலேயே, எப்போதும் மூடியிருக்க வேண்டிய கேட்டை 'ஆ'வென்று திறந்து போட்டுவிட்டு வண்டியேறினார்.

ஒரு மணிக்கு முதல் வண்டி வந்தது. ஐந்தாவது கேட் திறந்திருந்தது. இறங்கினார்கள், பக்கத்தைப் புரட்டினார்கள், விவாதித்தார்கள், திறந்தபடியே விட்டுப் போனார்கள். அடுத்த வண்டியும் அப்படியே. ஐம்பத்தெட்டு வண்டிகள்! ஒருவராவது சொந்தப் புத்தியை உபயோகிக்க வேண்டுமே! கடைசியில் உபயோகித்தவை அங்கே மேய்ந்துகொண்டிருந்த நானூறு ஆடுகள்தான். கேட்டைப் பார்த்தன, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன, பொடிநடையாகக் கொட்டகையைப் பார்த்துக் கிளம்பிவிட்டன.

நாலு மணி. நாற்காலிகள் நிறைந்துவிட்டன, ஒன்றே ஒன்றைத் தவிர. முதல் வரிசை, சம்பந்தியம்மாள். நாலேகால். இமோஜென் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள், முகம் வெளிறிவிட்டது. "வரலைன்னா என்னப்பா பண்றது?" ராஸ் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறித் தொலைநோக்கியை வைத்துப் பார்த்தார். தூரத்தில் புழுதி தெரிந்தது.

புழுதிக்குள்ளிருந்து முதலில் வந்தது ஆடு. பிறகும் ஆடு. நானூறும் கொட்டகைக்குள் நுழைந்து, பூ வளைவைத் தின்று, பார்னபியின் தொப்பியை ருசி பார்த்தபின், கடைசி ஆட்டின் வால் நுனிக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிறக் கார், ஆள் நடக்கிற வேகத்தில், ஹாரன் அடிக்காமல், மரியாதையாக வந்து நின்றது.

கான்ஸ்டன்ஸ் இறங்கினார். கையில் பத்தொன்பது பக்கம். ராஸ் தொட்டியிலிருந்து இறங்கி, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய் நின்றார்.

"பக்கம் பன்னிரண்டு" என்றார் அந்தம்மாள். "'ஆடுகள் வழியில் இருந்தால் முந்தாதே, ஹாரன் அடிக்காதே, அவை போகிற வேகத்தில் போ.' நாலு கிலோமீட்டர் அப்படியே வந்தேன். சரிதானே?"

"சரிதாங்க" என்றார் ராஸ் ஈனசுரத்தில். "கேட்டைத் திறந்து போட்டது நான்தான். தப்பு என்னோடது. பொண்ணை ஒண்ணும் சொல்லிடாதீங்க."

"அதை விடுங்க. பக்கம் ஒன்பதுல தூரக் கணக்கு மூணு கிலோமீட்டர் உதைக்குது, திருத்தி வச்சிருக்கேன். எந்த கேட் திறந்திருக்கணும், எது மூடியிருக்கணும்னு ஒரு பட்டியல் ஏன் சேர்க்கலை? அப்புறம், இந்தக் கழிப்பறைச் சிலந்திக்குப் படம் போட்டிருக்கலாமே?"

ராஸ் பக்கங்களை வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு வரிக்கும் அடியில் கோடு, ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. இருபத்தேழு வருஷக் குடித்தனத்தில் அவர் எழுதியதை ஒருவரும் முழுசாகப் படித்ததில்லை. மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஐந்து மணிக்கு, ஆடுகள் சூழ, கல்யாணம் அமர்க்களமாக நடந்தது. விருந்தின்போது கான்ஸ்டன்ஸ் மருமகளை அணைத்து, "உங்கப்பா மாதிரி பொறுப்பான மனுஷனை நான் பார்த்ததேயில்லை, கண்ணு" என்றார். இமோஜென் சிரித்தாளா அழுதாளா, அவளுக்கே தெரியவில்லை. சம்பந்திகள் இருவரும் கேக்கைக்கூடத் தொடாமல் மூலையில் உட்கார்ந்து, விருந்தாளிகள் திரும்பிப் போவதற்கான வழித்துணையை எழுதத் தொடங்கியிருந்தார்கள்.

"ஒண்ணையே சமாளிக்க முடியலை, இப்ப ரெண்டா!" என்று தலையில் கைவைத்தாள் ஜோசலின்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால், ஐந்தாவது கேட்டில் 'மூடவும்' என்று ஒரு அட்டை தொங்கவிட்டிருந்தால் போதுமே என்று சற்று முன் உங்களுக்குத் தோன்றியதா இல்லையா? அட்டை என்ன அளவு, மழைக்கு உறை போட வேண்டாமா, ஆணியா கம்பியா என்பது வரை போய்விட்டீர்களா? அப்படியானால் உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குத் தயவுசெய்து என்னை அழைக்காதீர்கள். அழைத்தே தீருவீர்கள் என்றால், வழியை நானே விசாரித்துக்கொள்கிறேன்.