நவாப் போர்த்திய ரஜாயைத் தேடியது பற்றி

ஜவ்வாது மலை,
20-3-1963

மரியாதைக்குரிய முக்தார் மாமுவுக்கு, உங்கள் தங்கை மகள் ஜாஹிதா ஸலாம் சொல்லி எழுதுவது.

நம் வீட்டில் பெண்பிள்ளை பெரியவர்களுக்குத் தானாகக் கடிதம் எழுதும் வழக்கமில்லை; பொறுத்துக்கொள்ளுங்கள். நேரில் பேசச் சொன்னால் பாதியிலேயே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். சுபைதா மாமியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

புளி வாங்க மலைக்கு வந்தபோது குளிருக்குக் கொண்டுவந்து தொலைத்த ரஜாயை, நம் குடும்பத்துப் பஞ்சுப் போர்வையை, தேடச் சொல்லி மூன்று கார்டு போட்டிருந்தீர்கள். "பொட்டப் புள்ளைக்கு பி.ஏ. எதுக்கு?" என்று வாணியம்பாடி முழுக்கக் கேட்டீர்களே, இதற்குத்தான் போலிருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டதும் வீடு வீடாக ஏறி இறங்குகிறேன். உங்கள் இரும்புப் பெட்டிக்கு வெளியே அந்த ரஜாயை நாங்கள் யாரும் பார்த்ததில்லை, கார்டுகளைத்தான் நம்பவேண்டும். முதல் கார்டில் அது பச்சை வெல்வெட். இரண்டாவதில் ஓரமெல்லாம் தங்க ஜரிகை. மூன்றாவதில் நவாபே தம் கையால் நம் முப்பாட்டனார் தோளில் போர்த்தியது. நான்காவது கார்டு வந்தால் யானை ஒன்றையும் சேர்த்துத் தேடவேண்டி வருமோ என்று பயந்தேன்.

நீங்கள் தங்கியிருந்த கோபால்சாமி வீட்டில்தான் முதலில் கார்டுகளைப் படித்துக் காட்டினேன். அவர் மனைவி மாதம்மாள், "தங்க ஜரிகையா! அது இருந்தா நாங்க ஏன் டீச்சரம்மா சாமக் கூழு குடிச்சிக்கினு கெடக்கிறோம்?" என்றாள். பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை மாட்டின்மேல் போடும் சாக்கைக் கொண்டுவந்து, "இது ஆவுமா பாரு, எங்கயாச்சும் பச்ச தெரியும்" என்றாள். பிறகு நீங்கள் கோபால்சாமி மேல் கொடுத்த புகாரை எடுத்துக்கொண்டு ஒரு போலீஸ்காரர் மலையேறி வந்தார். தினைமாவும் தேனும் சாப்பிட்டார். வெல்வெட் இல்லை என்று எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை கோபால்சாமி ஸ்டேஷனுக்கு வரவேண்டும் என்று சொல்லி இறங்கிப் போனார். அன்றிலிருந்து அந்த மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. "ஸ்டேஷன்ல செருப்பக் கழட்டிட்டுப் போவணுமா டீச்சரம்மா?" என்று தினமும் கேட்கிறார். செருப்பே இல்லாதவர்.

ஆகவே ரஜாய் கிடைக்கவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். வீட்டில் எல்லாருக்கும் ஸலாம்.

பணிவுள்ள,
ஜாஹிதா

பி.கு.: மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். உறையை ஒட்டும்முன், பாய் வேறு எதையாவது விட்டுப்போனாரா என்று கோபால்சாமியிடம் கேட்டேன்.

"ஒரு கந்தல் கீது. ஒட்டுப் போட்டது" என்று பரணிலிருந்து இறக்கினார். வெயிலில் உலர்த்தி, வேப்பிலை போட்டு மடித்திருந்தது. நூல் துணி, மூலையில் உங்கள் தகப்பனார், என் நானாவின் பெயர் உருதுவில் தைத்திருக்கிறது.

"இத்த ஏன் சொல்லல?" என்றேன்.

"நீ கேட்டது வெல்வெட்டு இல்ல? ஒரே பயணத்துல ரெண்டு போர்வ தொலச்சிருக்காரு பாய், பாவம்" என்றார்.

நான் கையை நீட்டினேன். அவர் தரவில்லை. "தப்பா நெனைக்காத டீச்சரம்மா. வூட்டுக்கு வந்தவங்க வுட்டுட்டுப் போனத அவங்க கையிலதான் குடுப்போம்."

மாமு, திங்கட்கிழமைக்கு முன் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு மலைக்கு வாருங்கள். வந்து, இந்தக் கந்தல் என்னுடையதுதான் என்று ஊரார் முன்னால் சொல்லி, அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.