அரம் போடாத குழாய்

சாவு வீட்டில் மூத்த மகன் எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. சும்மா இருந்திருக்கலாம்.

திருவேற்காட்டில் எங்கள் வீட்டுத் தொட்டி நிறைவதை அப்பா மாடியில் நின்று பார்ப்பார். நிறைந்ததும், "செல்வி, நிறுத்துடி!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார். கீழே சமையலறையில் அம்மா மோட்டாரை அணைப்பாள். அம்மா போன பிறகு அப்பா மாடிப்பக்கமே போகவில்லை. அழவும் இல்லை. சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்த மாடி வேலையாவது அவருக்கு இல்லாமல் போகட்டும் என்று, தொட்டி நிறைந்ததும் தானே மூடிக்கொள்ளும் ஃப்ளோட் வால்வு ஒன்றை வாங்கி வந்தேன்.

பதினாறாம் நாள் காரியத்தன்று காலையில் மாட்டிவிடலாம் என்று ஏறினேன். (கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன் கையில் ஆக்ஸா பிளேடு கிடைத்தால் அவனைப் பிடிக்க முடியாது.) ஸ்டீல் குழாயை அறுத்தேன். வாய் கோணலாக வந்தது, ஓரமெல்லாம் பிசிறு. அரம் போட்டு மழுக்க வேண்டும். இரண்டு இழுப்பு இழுத்ததுமே கீழேயிருந்து அத்தை கத்தினாள்.

"டேய், இங்க ஐயரு மந்திரம் சொல்லிகினு கீறாரு, நீ இன்னாடா கராகரான்னு? பல்லு கூசுது!"

அரத்தை வைத்துவிட்டேன். தங்கை கணவன் குமார் எட்டிப் பார்த்தான்.

"மச்சான், பிசிறு அப்டியே கீதே?"

"உள்ள போயிட்டா யாருக்குடா தெரியும்?" என்று குழாயை வால்வுக்குள் திணித்தேன். உள்ளே குழாயை இறுக்கிப் பிடிக்க வேண்டிய ரப்பர் வளையத்தை அந்தப் பிசிறு கிழித்துக்கொண்டு போனது எனக்கும் தெரியவில்லை.

மத்தியானம் மொட்டை மாடியில் பந்தி. தொட்டி அதற்கு நேர் மேலே. மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தேன். தொட்டி நிறைந்தது, வால்வு மூடிக்கொண்டது. நான் குமாரைப் பார்த்து மீசையை முறுக்கினேன். போக வழியில்லாத தண்ணீர் குழாயை வால்விலிருந்து பிய்த்துக்கொண்டு இலைகள்மேல் அடித்தது. சாம்பார் ரசமானது, வடைகள் மிதந்தன.

"தலை முழுவிட்டு வந்தவள மறுக்கா முழுவ வெச்சிட்டானே பாவி!" என்று அத்தை அலறினாள். யாரோ சிரிக்க, பந்தியே சிரித்தது. வெட்கம் கெட்டு நானும் சிரித்தேன்.

அப்பா நனைந்தபடி இலைக்கு முன்னாலிருந்து எழுந்தார். படிக்கட்டுப் பக்கம் திரும்பி, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

"செல்வி, நிறுத்துடி!"

சிரிப்பு அடங்கிவிட்டது. தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. அப்பா கொஞ்ச நேரம் படிக்கட்டையே பார்த்தார். பிறகு ஈரப் பாயில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். குமார்தான் ஓடிப்போய் மோட்டாரை அணைத்தான்.

இப்போதும் எந்த விசேஷமானாலும், "மொதல்ல இவன மாடிய வுட்டு எறக்குங்கடா, அப்பால பந்தி" என்பாள் அத்தை. புதிதாக வருகிறவர்களுக்கு அப்பாவே கதையை நடித்துக் காட்டுவார், வடை மிதந்தது வரைக்கும். அதோடு, "சரி, சாப்ட வாங்க" என்று எழுந்துவிடுவார். மீதியை எங்களில் யாரும் சொன்னதில்லை.