மூடியை முறுக்கிய மெக்கானிக்

சைக்கிள் மெக்கானிக்குக்குத் தன் மணிக்கட்டின் மேல் அபார நம்பிக்கை. துருப்பிடித்த நட்டெல்லாம் தன் கையைப் பார்த்தாலே தானாகக் கழன்றுவிடும் என்பார். அதோடு நிறுத்தியிருக்கலாம். விருந்துக்கு வந்த மச்சானிடம், "நான் இல்லன்னா உங்க அக்காவால ஒரு சர்க்கரை டப்பாவைக்கூடத் திறக்க முடியாது, மாப்ளே!" என்று சொல்லித் தொலைத்தார்.

அன்றிலிருந்து மனைவி அவரிடம் வாயைத் திறக்கவில்லை.

வீடு பஞ்சர் ஆன டயர் மாதிரி சப்பென்று ஆகிவிட்டது. அவள் பேச்சில்லாமல் அவருக்கு டீகூட உள்ளே இறங்கவில்லை. ஆனால் முதலில் பேசினால் மானம் என்னாவது? திட்டம் போட்டார். அவள் குளிக்கப் போன நேரம், சமையலறையில் இருந்த அத்தனை டப்பா மூடிகளையும் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார்.

"இப்ப வருவா பாரு, 'என்னங்க, இதைக் கொஞ்சம் திறந்து குடுங்க'ன்னு!" மீசையையும் ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுக் காத்திருந்தார்.

அவள் சர்க்கரை டப்பாவை எடுத்தாள். திருகினாள். அசையவில்லை. செய்தித்தாளுக்குப் பின்னால் அவர் தயாரானார். அவளோ ஸ்பூன் காம்பை மூடி விளிம்பில் கொடுத்து லேசாக நெம்பினாள். டப்!

"ஸ்பூனே, நீ நல்லா இருக்கணும். மீசை இல்லாமலே எவ்வளவு வேலை செய்யறே!"

அடுத்தது டீத்தூள் டப்பா. பழைய டியூப் துண்டு ஒன்றை மூடியைச் சுற்றிப் பிடித்துத் திருகினாள். திறந்துகொண்டது. டியூப், அவர் கடைச் சரக்கு.

"நம்ம டியூபே நம்ம காலை வாரிடுச்சே!" என்று அவர் சுவரிடம் முறையிட்டார்.

"சுவரே, யாரோ உன்கிட்ட பேசறாங்க. மறை கழண்டுபோச்சான்னு கேளு."

மதியம் பக்கத்து வீட்டுக்காரர் கடைக்கு ஒரு டப்பா கொண்டுவந்தார். 'கோபத்துலயும் சாப்பாடு அனுப்பறா பாரு' என்று நெகிழ்ந்துபோய் மூடியைத் திருகினார் மெக்கானிக். நகரவில்லை. முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு திருகினார். முகம் சிவந்ததுதான் மிச்சம். உள்ளே தளக் தளக்கென்ற சத்தம் வேறு பசியைக் கிளப்பியது.

"என்னண்ணே, லாரிச் சக்கரத்தையே கழட்டுவேன்னு சொல்வீங்க?" என்றார் பஞ்சர் ஒட்ட வந்தவர்.

"இது வேற சைஸுப்பா."

திருப்புளியால் நெம்பலாம்தான். ஆனால் ஸ்பூனிடம் தோற்றதாகிவிடுமே! உண்மையைச் சொன்னால், வீட்டுக்குப் போக அவருக்கு ஒரு சாக்கு கிடைத்திருந்தது. டப்பாவைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நடந்தார்.

"இந்தா... இதைக் கொஞ்சம் திறந்து குடேன்."

"பேசிட்டீங்க!" கைதட்டிச் சிரித்தாள் அவள்.

"சரி, சரி. அதுக்காக இப்படியா முறுக்கறது?"

"நான் எங்க முறுக்கினேன்? கொதிக்கக் கொதிக்க ஊத்தி மூடினேன். ஆறினதும் அதுவே கவ்விக்கிச்சு." ஸ்பூன் வந்தது. டப்!

"இவ்வளவு தெரிஞ்சவ, இத்தனை வருஷமா ஏன் எல்லா டப்பாவையும் என்கிட்ட தூக்கிட்டு வந்தே?"

"திறந்ததும் ஒரு சிரிப்பு சிரிப்பீங்களே, பல்லு அத்தனையும் தெரிய. அதைப் பாக்கத்தான்."

பெருமையா, வெட்கமா, அவருக்கே பிடிபடவில்லை. பேச்சை மாற்றுவதற்காக டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார். "பசிக்குது. எடுத்துப் போடு."

"சாப்பாடு மேசை மேல ரெண்டு தட்டுல இருக்கு. அந்த டப்பாவுல வெறும் தண்ணிதாங்க!"