திறக்கத் தெரிந்தவர்

சவரக் கத்தி தொண்டைக்குழியில் இருந்தபோதுதான் நாவிதர் காஸ்பரே கேட்டார்.

"பள்ளி இறுதித் தேர்வுக் கேள்வித்தாள் உன் கம்ப்யூட்டருக்கு வந்து படுத்திருக்காமே, ஓரெஸ்தே. அதைத் திறக்கத் தெரியாதா உனக்கு?"

மோந்தெல்பா உயர்நிலைப் பள்ளியின் கம்ப்யூட்டர் பொறுப்பாளர் ஓரெஸ்தே. ரோமிலிருந்து கேள்வித்தாள் பூட்டிய கோப்பாகச் சில நாள் முன்பே வந்துவிடும். திறக்கும் கடவுச்சொல் மட்டும் தேர்வன்று காலை எட்டரைக்குத்தான் வரும். ஊகித்துத் திறக்கலாம் என்று உட்கார்ந்தால், ஊர் மாதா கோயில் இடிந்து, மறுபடி கட்டி, மறுபடி இடிந்தாலும் வேலை முடியாது. இது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் 'தெரியாது' என்ற சொல்லை இருபத்திரண்டு வருடமாக அந்த ஊரில் அவர் சொன்னதில்லை.

"தெரியும். திறக்க மாட்டேன்."

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மேயரின் மனைவி க்ளேலியா, உப்புப் போட்டு உலர்த்திய முழுப் பன்றித் தொடை ஒன்றை அனுப்பிவைத்தாள். மகனுக்குக் கட்டுரைத் தலைப்பு மட்டும் தெரிந்தால் போதுமாம். மனசாட்சி இடம் தரவில்லை என்று சொல்லி ஓரெஸ்தே திருப்பி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாதிரியார் பேர் சொல்லாமல் ஒரு நேர்மையாளரைப் புகழ்ந்தார். ஊரே திரும்பி ஓரெஸ்தேயைப் பார்த்தது. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

வீட்டில் மனைவி எர்சிலியாவுக்குப் பன்றித் தொடை போன ஆத்திரமே இன்னும் அடங்கவில்லை.

"முடியாத காரியம்னு சொல்லித் தொலையேன்யா. நம்ம லவீனியாவும் இந்த வருஷம்தானே எழுதறா. அவ நல்லா எழுதினா நாளைக்கு என்ன பேசுவாங்க?"

மகள் லவீனியா பீச் பழத்தைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள்.

பேச்சு வரக்கூடாதென்று ஓரெஸ்தே கம்ப்யூட்டரைத் தலைமையாசிரியர் அறைக்குள் வைத்துப் பூட்டி, சாவியை அவரிடமே கொடுத்துவிட்டார். பார்த்து முடித்தபிறகு பூட்டு எதற்கு என்று காப்பிக் கடையில் சிரித்தார்கள்.

தேர்வன்று எட்டரைக்குக் கடவுச்சொல் வந்தது, கோப்பு திறந்தது. கட்டுரைத் தலைப்பு நேர்மையைப் பற்றி. அறையில் இருந்த ஆசிரியர்கள் தாளைப் பார்க்கவில்லை, ஓரெஸ்தேயின் முகத்தைப் பார்த்தார்கள். ஆச்சரியப்பட்டால் தெரியாதவன் ஆகிவிடுவோமே என்று, எதிர்பார்த்தது வந்த மாதிரி அவர் மெல்லத் தலையாட்டிவைத்தார்.

பத்து நாளில் பள்ளிக் கதவில் மதிப்பெண் ஒட்டினார்கள். கட்டுரையில் லவீனியாவுக்கு இருபதுக்கு இருபது. மேயர் மகனுக்குப் பதினொன்று. அன்றே புகார் போனது. அந்தத் தலையாட்டலும் அதில் எழுதப்பட்டிருந்தது. குற்றம் உறுதியானால் லவீனியாவின் தேர்வு செல்லாது.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வுக் குழுத் தலைவி இனெஸ் அம்மாள் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். தெரியும் என்று ஓரெஸ்தே சொன்னதைத் தன் காதால் கேட்டதாகக் காஸ்பரே சாட்சி சொன்னார். சொல்லிவிட்டு வருத்தமும் பட்டார்.

ஓரெஸ்தே எழுந்து நின்றார்.

"எனக்குத் திறக்கத் தெரியாதும்மா. அன்னைக்கும் தெரியாது, இன்னைக்கும் தெரியாது. பெருமைக்காகச் சொல்லிட்டேன். எம்பொண்ணு சொந்தமா எழுதினா."

"பொண்ணுக்காக இந்த மனுஷன் முதல் தடவையா பொய் சொல்றார்," என்றாள் க்ளேலியா. அறையில் பாதிப் பேர் ஆமாம் என்பதுபோல் பார்த்தார்கள். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு சொன்ன ஒரே உண்மையை ஒருவரும் நம்பவில்லை.

இனெஸ் அம்மாள் விடைத்தாள் கட்டுக்குள்ளிருந்து ஒன்றை உருவி, கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"உட்காருங்க சார், இது எங்களுக்குத் தாள் திருத்தும்போதே தெரியும். உங்க பொண்ணோட கட்டுரை ஆரம்பிக்கிறதே இப்படித்தான்: 'என் அப்பாவுக்கு அந்தக் கோப்பைத் திறக்கத் தெரியாது, தெரிந்திருந்தாலும் திறந்திருக்க மாட்டார்.'"