சூடேறும் நாற்காலி

வானத்தையும் பூமியையும் படைத்தவர், படைத்து முடித்த களைப்பில், எங்கள் தெருவில் மெத்தை வைத்த ஒரு நாற்காலிக்குள் குடியேறிவிட்டார் என்று செய்தி பரவியபோது ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. "வரிசை எங்க ஆரம்பிக்குது?" என்று மட்டும் கேட்டார்கள்.

வரிசை மருந்துக்கடை வாசலில் ஆரம்பித்தது. காலை வெயிலுக்கு முன்பே வந்து இடம் பிடித்தவர்கள் உண்டு. செருப்பை வரிசையில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்த் திரும்பியவர்களும் உண்டு. செருப்பு நகர்ந்ததா, பின்னால் நின்றவர் நகர்த்தினாரா என்று தினமும் ஒரு சண்டை நடக்கும். கடவுளின் வழியைக் கேட்க வந்த இடத்தில், அடுத்தவனுக்கு வழிவிட யாருக்கும் மனம் வரவில்லை.

நாற்காலி இருந்த கூடம் முன்பு மரச்சாமான் கடையாக இருந்தது. கடை நொடித்துப்போய் எல்லாம் ஏலத்தில் போனபிறகு, யாரும் வாங்காமல் மிஞ்சியது அந்த ஒரு நாற்காலிதான். கடை முதலாளி அதில் உட்கார்ந்து அழுதபோது, அடியில் இளஞ்சூடு பரவி, "இனி நீ மரம் விற்காதே, மார்க்கம் காட்டு" என்று ஒரு சத்தம் கேட்டதாம். மறுவாரமே அவர் நீளமான வெள்ளை அங்கி தைத்துக்கொண்டார். நாங்கள் அவரை ஆசனத்தார் என்று அழைக்க ஆரம்பித்தோம். சோபா விற்றபோது அவர் சொன்ன விலையை நம்பாத ஊர், இப்போது அவர் சொன்ன மற்ற எல்லாவற்றையும் நம்பியது.

முறை மிக எளிது. நாற்காலியில் உட்கார வேண்டும். கேள்வியைச் சத்தமாகக் கேட்க வேண்டும். அடியில் சூடேறினால் கடவுள் ஆம் என்கிறார். சில்லென்று கிடந்தால் இல்லை என்கிறார். தேவசித்தத்தை அறியும் உறுப்பு மனசா, அறிவா என்று படித்தவர்கள் காலங்காலமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டும் இல்லை என்று ஆசனத்தார் நிரூபித்துவிட்டார்.

நிபந்தனைகளும் இருந்தன. தடித்த துணி உடுத்தி வருவது விசுவாசக் குறைவு. மெத்தையைத் தூக்கிப் பார்ப்பது மகா பாவம். பக்கத்தில் இருந்த காணிக்கைப் பெட்டியைப் பார்க்காமல் போவது அதைவிடப் பெரிய பாவம்.

என்னென்ன கேட்டார்கள் என்கிறீர்கள்? ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மீசை வைக்கலாமா என்று கேட்டார். சூடேறியது. கடிகாரம் பழுதுபார்ப்பவர், ஒருவருடைய கடிகாரத்தில் நல்ல பாகத்தை எடுத்துவிட்டு மட்டமானதைப் போட்டுவிட்டதாகவும், அதை அவரிடம் சொல்லத்தான் வேண்டுமா என்றும் கேட்டார். ஐஸ் மாதிரி கிடந்தது. அவர் கண்ணீர் மல்க எழுந்து, கடவுளின் இரக்கத்தை வியந்துகொண்டே போனார். போய் மன்னிப்புக் கேள் என்று அந்த நாற்காலி யாருக்காவது சொன்னதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. அப்படிச் சொல்கிற நாற்காலிக்கு யார் வரிசையில் நிற்பார்கள்?

தெருமுனைச் சபையின் போதகரிடம் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. கடவுளின் வழியை எப்படி அறிவது என்று அவரிடம் கேட்டால், ஜெபம் பண்ணு, வேதத்தை வாசி, விஷயம் தெரிந்தவர்களைக் கேள், நன்றாக யோசி, மனசாட்சி உறுத்துகிற பக்கம் போகாதே என்பார். இதற்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கிறது? நாற்காலியில் முட்டை வேகிற நேரத்தில் பதில் கிடைத்துவிடும்.

போதகருக்கு இன்னொரு குறையும் உண்டு. அவருக்குப் பொய் சொல்ல வராது. ஒரு கல்யாண விருந்தில் சாப்பாடு எப்படி என்று பெண்ணைப் பெற்றவர் ஆசையாகக் கேட்டதற்கு, "பசிச்சுது, அதனால சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் பந்தி முடிந்த பிறகுதான் அவரை அழைப்பார்கள்.

இப்போது ரொட்டிக்கடைக்காரர் கதைக்கு வருவோம். ரொட்டி நன்றாகச் சுடுவார். மற்ற விஷயங்களில் மாவு மாதிரி. யார் பிசைந்தாலும் அந்த வடிவத்துக்கு வருவார். அவருடைய ஒரே மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பல்செட் செய்து கொடுக்கும் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு பையனைக் கட்டிக்கொள்ள அவள் ஆசைப்பட்டாள். நல்ல பையன்தான். ஆனால் மருமகன் ஊரான் வாய்க்குப் பல் செய்கிறவன் என்று சொல்லிக்கொள்ள ரொட்டிக்கடைக்காரருக்குக் கூச்சம். அதை மகளிடம் சொல்லவும் பயம். ஆகவே கடவுளிடம் போனார். அதாவது, நாற்காலிக்குப் போனார்.

பல்செட் பையனைக் கட்டிக்கொடுக்கலாமா என்று கேட்டார். நாற்காலி சில்லென்று இருந்தது. ஆசனத்தார் அவர் தோளைத் தட்டி, கடவுள் ஒரு கதவை மூடினால் இன்னொன்றைத் திறக்காமலா இருப்பார், என் தம்பியைப் பற்றிக் கேட்டுப் பாருங்களேன் என்றார்.

தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் எந்த வேலைக்கும் போகவில்லை. கடவுள் தனக்கென்று ஒரு பெரிய அழைப்பு வைத்திருப்பதாகவும், அது வரும்வரை காத்திருப்பதாகவும் சொல்வார். படுத்துக்கொண்டுதான் காத்திருப்பார்.

தம்பி பெயரைச் சொன்னதும் நாற்காலி ரொட்டி அடுப்பாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் நிச்சயம் என்றும், கல்யாணத்துக்குப் பிறகு ரொட்டிக்கடையை மருமகன் பொறுப்பில் விடுவது என்றும் அங்கேயே முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்து சொன்னார். மகள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அழவில்லை.

"அப்பா, எந்த நோயாளிக்கு எந்த ஊசின்னு நான் நாற்காலியில உட்கார்ந்து கேட்டா, என்னை அன்னைக்கே வேலையை விட்டுத் துரத்திடுவாங்க. என் கல்யாணத்துக்கு மட்டும் கேட்கலாமா?"

ரொட்டிக்கடைக்காரர் மேலே பார்த்தார். அங்கே மின்விசிறிதான் இருந்தது.

அவர் மனைவியை ஊரே அக்கா என்று கூப்பிடும். அக்கா கடவுள் நம்பிக்கை உள்ளவர். அதனாலேயே நாற்காலிமேல் அவருக்குச் சந்தேகம். அதற்குக் காரணம் அவர்கள் கடைப் பூனை.

பூனை வழக்கமாக அடுப்புச் சுவரை ஒட்டித்தான் படுக்கும். கொஞ்ச நாளாகக் காலையில் ஆளைக் காணோம். ஒரு காலை ஆசனத்தாருக்கு ரொட்டி கொடுக்கக் கூடத்துக்குப் போன அக்கா, பூனை பரிசுத்த நாற்காலியில் சுருண்டு கிடப்பதைப் பார்த்தார். ஆசனத்தார் ஏதோ சரிபார்த்துக்கொண்டிருந்தவர், சட்டென்று தரைவிரிப்பிலிருந்து காலை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் பூனை எழுந்து, சலிப்போடு சோம்பல் முறித்து, இறங்கிப் போய்விட்டது.

"இதுக்கு அப்படி என்ன தேவசித்தம் தெரியணுமாம்?" என்று அக்கா வீட்டில் கேட்டார்.

பூனைக்கே உடம்புச் சூடு உண்டு என்றார் கணவர். இருக்கலாம் என்று அக்கா ஒத்துக்கொண்டார். சந்தேகம் வேறு, சாட்சி வேறு.

பிறகு ஒரு மாலை மின்சாரம் போனது. அன்று நாற்காலி எல்லாருக்கும் இல்லை என்றே சொன்னது. கடவுள் என்னை நேசிக்கிறாரா என்று கேட்ட ஒரு கிழவருக்கும் இல்லைதான். பாவம், அவரைக் கைத்தாங்கலாகத்தான் வெளியே கொண்டுவந்தார்கள். மேலோகம் இன்று மௌனவிரதம் என்று ஆசனத்தார் அறிவித்தார். மின்சாரம் வந்ததும் கிழவர் மறுபடி உட்கார்ந்தார். கடவுள் அவரை நேசிக்க ஆரம்பித்திருந்தார்.

"மேல இருக்கிறவருக்கும் நம்ம லைன்ல இருந்துதான் கரன்ட் போகுதா?" என்றார் அக்கா. கணவர் அவசரமாக மாவு பிசையப் போய்விட்டார். அக்கா விடவில்லை. பின்னாலேயே போனார்.

"உங்களுக்கு அந்தப் பையனைப் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லுங்க. அதுக்கு எதுக்கு ஆண்டவர் மேல பழியைப் போடுறீங்க?"

அவர் பிசைந்து முடித்த மாவையே மறுபடி பிசைய ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் மூச்சுவிட இடமில்லை. தம்பி புதுச் சட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்; சாயாமல் அவருக்கு உட்காரத் தெரியாது. மகள் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நிச்சயத்தை அறிவிக்க ஆசனத்தார் தொண்டையைச் செருமியபோது, அக்கா போதகரைக் கையோடு கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். கடையைப் பூட்டிவிட்டு நேராக வந்ததால், கடைச் சாவிக்கொத்து கையிலேயே இருந்தது. ஆசனத்தார் முதலில் பார்த்தது அதைத்தான். கடைசிவரை பார்த்ததும் அதைத்தான்.

தானும் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றார் அக்கா. ஆனால் மனசுக்குள்தான் கேட்பாராம். கேள்வி என்னவென்று போதகர் காதில் மட்டும் முன்கூட்டியே சொல்லிவைப்பாராம். பதில் வந்ததும் அவர் எல்லாருக்கும் சொல்வாராம். போதகருக்குப் பொய் வராது என்பது ஊரறிந்த விஷயம்.

அக்கா அவர் காதில் சொன்னார். போதகருக்கு இருமல் வந்துவிட்டது. கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. மனசு உருகிவிட்டார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

கேள்வியைச் சத்தமாகக் கேட்பதுதான் முறை என்று ஆசனத்தார் ஆட்சேபித்தார்.

"ஏங்கய்யா, ஆண்டவருக்கு மனசுல நினைச்சாக் கேட்காதா?" என்றார் அக்கா, ரொம்பப் பணிவாக.

கூட்டம் ஆசனத்தாரைப் பார்த்தது. கேட்காது என்று சொன்னால் பிழைப்பு போச்சு. கேட்கும் என்று சொன்னால், எதற்கு ஆம் சொல்வது, எதற்கு இல்லை சொல்வது? அவர் கண் சாவிக்கொத்தில் விழுந்தது. நிச்சயத்தன்று, பெண்ணைப் பெற்றவள், கையில் கடைச் சாவியோடு, கடவுளிடம் வேறென்ன கேட்பாள்? கடையை இன்றைக்கே கொடுத்துவிடவா என்றுதான் கேட்பாள். அவர் முகம் மலர்ந்தது. அங்கிக்கு அடியில் கால் மெல்ல நகர்ந்தது.

அக்கா உட்கார்ந்து கண்ணை மூடினார்.

"சூடேறுது" என்றார்.

"ஸ்தோத்திரம்" என்றார் ஆசனத்தார்.

அக்கா எழுந்திருக்கவில்லை. நன்றாக உறுதிப்படட்டும் என்று அங்கேயே இருந்தார். ஆசனத்தாரும் காலை எடுக்கவில்லை. உறுதிப்படுத்துவதில் அவர் என்றைக்குமே கஞ்சத்தனம் காட்டியதில்லை. மெல்ல ஒரு வாடை எழுந்தது. பரிசுத்த நறுமணம் என்று முன்வரிசை மூச்சை இழுத்தது. ரொட்டிக்கடைக்காரருக்கு மட்டும் ஏதோ கருகுகிறது என்று பட்டது. தொழில் பழக்கம். வாயைத் திறக்கவில்லை. அதுவும் பழக்கம்தான்.

அக்கா எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"ஆம்னுதானே அர்த்தம், ஐயா?"

"ஆம்தான். இவ்வளவு உறுதியா இந்த ஆசனம் சொல்லி நான் பார்த்ததே இல்லை."

"இது தப்பாச் சொல்லாதுல்ல?"

"ஒருநாளும் தப்பாது."

அக்கா போதகரைப் பார்த்துத் தலையசைத்தார். போதகர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"அம்மா கேட்டது இதுதான். ஆண்டவரே, இந்த நாற்காலி சுத்தப் புரட்டுதானே?"

நாற்காலி உண்மை சொல்கிறது என்றால், அது புரட்டு. பொய் சொல்கிறது என்றால், அப்போதும் அது புரட்டு. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் உட்கார இடமில்லை. மீசைக்கார வாத்தியாரின் வாய் மீசைக்கடியில் திறந்தபடியே நின்றது.

ஆசனத்தார் கேள்வி செல்லாது என்று ஆரம்பித்தார். திகைப்பில் காலை எடுக்க மறந்துவிட்டார். மெத்தையிலிருந்து குபுகுபுவென்று புகை. யாரோ பூச்சாடித் தண்ணீரைத் தூக்கி ஊற்ற, படார் என்று ஒரு சத்தம். கூடத்து விளக்குகள் எல்லாம் அணைந்தன. ஜன்னல் வெளிச்சத்தில் ஆசனத்தார் துள்ளியதில் தரைவிரிப்பு சுருண்டது. அதற்கடியில் காலால் அமுக்கும் பொத்தான் ஒன்று; பொத்தானிலிருந்து ஒரு கம்பி; கம்பி நாற்காலிக் கால் வழியாக ஏறி மெத்தைக்குள் போய், முதுகுவலிக்காரர்கள் கட்டிக்கொள்ளும் மின்சாரச் சூட்டுப் பட்டையில் முடிந்தது. மேலோகத்தின் கடைசி எல்லை அதுதான்.

சாத்தான்தான் அதைக் கொண்டுவந்து வைத்தான் என்றார் ஆசனத்தார். சாத்தானுக்கு எதற்கு முதுகுவலி என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். தம்பி பின்வாசல் வழியாக ஓட்டம் பிடித்திருந்தார். இத்தனை காலம் காத்திருந்த அழைப்பு அப்போதுதான் வந்தது போலும். அண்ணனும் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதே அழைப்புக்குக் கீழ்ப்படிந்தார். கடிகாரக்காரர் சட்டைப்பையிலிருந்து சின்னதாக எதையோ எடுத்துப் பார்த்துவிட்டு, யார் வீட்டுக்கோ விறுவிறுவென்று நடந்தார்.

ரொட்டிக்கடைக்காரர் தன் மகளுக்கு எதிரே வந்து நின்றார்.

"எனக்கு அந்தப் பையனோட வேலை பிடிக்கலைம்மா. சொல்லப் பயந்துக்கிட்டு ஆண்டவர் பேரைச் சொல்லிட்டேன்."

"அன்னைக்கே சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன்ப்பா. இந்நேரம் சண்டை முடிஞ்சு சமாதானமாகியிருப்போம்."

"இப்பப் போடுவோமா?"

"வீட்டுக்கு வாங்க" என்றாள். அவர் நல்ல பிள்ளையாகப் பின்னால் போனார். சண்டை நடந்தது. தெருவுக்கே கேட்டது. எந்தக் கம்பியும் இல்லாமல், ரொட்டி ஆறுவதற்குள் நல்ல முடிவும் வந்தது. பல்செட் பையன் மறுநாள் மாலை விருந்துக்கு வந்தான்.

கூடத்தில் மிச்சமிருந்த கூட்டத்துக்கு ஒரு பெரிய கவலை. கடவுள் தன்னை நேசிக்கிறாரா என்று கேட்ட அந்தக் கிழவரே வாயைத் திறந்தார். இனிமேல் கடவுளின் வழியை எதில் உட்கார்ந்து கேட்பது?

"தாத்தா, யோசிக்கச் சொல்லித் தலையைக் கொடுத்தவரு, பதிலை மட்டும் பின்பக்கமாவா அனுப்புவாரு?" என்றார் அக்கா. சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு கடை திறக்கப் போனார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்து வெளியே வந்தால், அடுத்த தெருவில் ஒரு அம்மாவிடம் தானாக விரியும் குடை இருக்கிறதாம், கேள்வி கேட்டால் பதில் சொல்கிறதாம் என்று பேசிக்கொண்டே பாதிப் பேர் அந்தப் பக்கம் திரும்பினார்கள். தாராளமாகப் போங்கள், ஐயா. போகும்போது தலையையும் கூட்டிக்கொண்டு போங்கள். செருப்பை வரிசையில் விட்டுவிட்டு வருவதுபோல அதையும் விட்டுவிட்டு வராதீர்கள்.